என் தோழிக்கு நான் காட்டிய சிவப்பு அட்டை

நானும் அவளும் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே வீட்டில் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தோம். மூன்றாவது மாடி, இரண்டு அறை, மோனோரெயில் போகும்போது சமையலறைக் கண்ணாடி அதிரும். எனக்குக் கிள்ளானில் வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பாரம் நிரப்பிக் கொடுக்கும் ஆபீஸ். அவள் சுபாங் ஜெயாவில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். இரண்டு இடமும் ஒரே ரயில் பாதைதான் என்பதால் காலையில் சேர்ந்தே கிளம்புவோம். அவள் பாதியில் இறங்கிக்கொள்வாள், நான் கிள்ளான் வரைக்கும் போவேன்.

அந்த விளையாட்டு எங்களுக்கு வந்ததும் அவள் வழியாகத்தான். கிளினிக்குக்குப் பல் காட்ட வந்த ஓர் அயர்லாந்துப் பெண், இங்கே அனைத்துலகப் பள்ளியில் ஆசிரியை, தங்கள் ஊர் ஆட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். கேலிக் ஃபுட்பால். பந்தைக் காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். நாலு எட்டுக்கு மேல் பந்தைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட முடியாது. தரையில் ஒரு தரம் தட்ட வேண்டும், அல்லது கால் நுனியில் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் நெட்பால் ஆடியவர்கள், அதனால் கை சீக்கிரம் பழகிவிட்டது. ஞாயிறு மதியம் சுபாங் ஜெயா பக்கம் ஒரு கல்லூரித் திடலில் அயர்லாந்துக்காரிகள், மலாய்க்காரிகள், சீனத்திகள், நாங்கள் என்று ஒரு பெரிய கூட்டமே சேரும். என் தோழி கம்போங் மேடானில் மலிவு விலை அடுக்குமாடியில் மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள். யார் வந்து மோதினாலும் பந்தை விடமாட்டாள்.

மூன்றாவது வருடம் என் இடது முட்டியில் நார் கிழிந்தது. இனி ஓடலாம், ஆனால் மோதக்கூடாது என்றார் டாக்டர். ரெஃபரிக்கு ஆள் பற்றாக்குறையாக இருந்த சமயம். என் தோழியின் அணிக்குத் தலைவியாகிவிட்டிருந்த அந்த ஆசிரியை, நீ விதிகளைப் படித்துத் தேர்வு எழுது, திடலிலேயே இருக்கலாமே என்றாள். எழுதினேன், தேறினேன். திடலில் இருக்கவும் முடிந்தது. ஆனால் அது வேறு மாதிரி இருப்பது என்று கொஞ்ச நாளில் புரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிப் பெண்களும் பக்கத்து மாமாக் கடைக்குச் சாப்பிடப் போவார்கள். நான் யாரோடு உட்கார்ந்தாலும் மற்றவர்கள் பார்ப்பார்கள். அதனால் முட்டிக்கு ஐஸ் வைக்கணும் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிடுவேன். ஒருநாள் ஒரு ஃபவுலை நான் விட்டுவிட்டேன் என்று கல்லூரி அணியின் கோச்சுக்குக் கோபம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, உன் வீட்டு ஆளுக்கு மட்டும் விசில் ஊதமாட்டாயோ என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் கேட்டார். உண்மையில் அதில் ஃபவுலே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இரண்டு வாரம் என்னை விடவில்லை. பாரம் நிரப்பும்போதும் வந்தது, குளிக்கும்போதும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே கல்லூரி அணியும் அவள் அணியும் மோதின. என்னைப் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கோச் கேட்டதை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். வானம் கறுத்து மழை எந்நேரமும் வரும் போலிருந்தது. அவள் தன் கோலுக்கு முன்னால் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்ப முயன்றாள். கல்லூரி அணிப் பெண் ஒருத்தி பின்னால் ஒட்டிக்கொண்டு விடவில்லை. நான் பதினைந்து எட்டு தள்ளி வலப்பக்கம் நின்றேன். அங்கிருந்து அவள் முழங்கை தெரிந்தது, பின்னால் இருந்தவளின் கைகள் தெரியவில்லை. முழங்கை பின்னால் வீசிப் போய் அந்தப் பெண்ணின் வாயில் பட்டது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம்.

விசில் ஊதினேன். பெண்கள் ஆட்டத்தில் மஞ்சள் அட்டை காட்டினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். வேண்டுமென்றே அடித்தால் சிவப்பு. அதற்குப் பிறகு அறிக்கை, விசாரணை, தடை. மஞ்சளை மேல் பையிலும் சிவப்பைப் பின் பையிலும் வைத்திருப்பேன். என் கை முதலில் மேல் பைக்குத்தான் போனது. அப்போது கோட்டோரம் அந்தக் கோச் கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டது. என் கை இறங்கிப் பின் பைக்குப் போனது.

"ஏய், முடிய புடிச்சு இழுத்தா," என்றாள் அவள். சத்தமாகக்கூட இல்லை, வீட்டில் பேசுகிற குரலில்.

நான் அவள் சட்டை எண்ணைச் சொல்லி, வெளியே போங்கள் ப்ளீஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து வருடத்தில் அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. ஒரு விநாடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து போனாள்.

ஆட்டம் முடிந்ததும் கோச் வந்து என் கையைக் குலுக்கினார். நியாயமான முடிவு என்றார். வீட்டுக்குப் போய் அந்தக் கையை இரண்டு தரம் கழுவினேன்.

அவள் சாயங்காலம் வந்தாள். குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு சமையலறையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"நீ பாக்கலையா?" என்று கேட்டாள்.

"முழங்கையத்தான் பாத்தேன். முடிய இழுத்தத பாக்கல."

"நான் சொன்னேன்ல."

"நீ சொல்றத வச்சு நான் முடிவு பண்ண முடியாது லா. வேற யாரு சொன்னாலும் அப்படித்தான்."

அவள் தலையை ஆட்டினாள். எழுந்து தன் அறைக்குப் போனாள்.

அறிக்கையை மூன்று நாளுக்குள் அனுப்ப வேண்டும். மறுநாளே அணித்தலைவி போன் செய்தாள். அடுத்த மாதம் பேங்காக்கில் போட்டி, பல நாடுகளிலிருந்து அணிகள் வருகின்றன, இவள் இல்லாவிட்டால் பின்வரிசையே கிடையாது என்றாள். பொய் எழுதச் சொல்லவில்லை, தன்னை விடுவித்துக்கொள்ளும்போது கை பட்டது என்று எழுதினால் விசாரணைக் குழு எச்சரித்துவிட்டு விட்டுவிடும் என்றாள். அவள் கேட்ட விதத்தில் தப்பே இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. தோழிக்கோ அது முதல் விமானப் பயணம். அதற்காக பாஸ்போர்ட் எடுத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா வந்தார். மாதம் ஒருமுறை கம்போங் மேடானிலிருந்து மீன் குழம்பு கொண்டுவருவார். அன்று மகள் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே வந்துவிட்டார், தெரிந்துதான் வந்திருக்கிறார். செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்றார்.

"கண்ணு, எனக்கு இந்த வெளையாட்டு ஒண்ணும் புரியாது," என்றார். "நீ எழுதறத வச்சுத்தான் எல்லாம்னு அவங்க கேப்டன் சொன்னாங்களாம். அவ வேணும்னு அடிக்கிற பொண்ணா? நீ கூட இருக்கிறவ, நீ சொல்லு."

"ஆன்டி, நான் பாத்தத மட்டும்தான் எழுத முடியும்."

"சரிம்மா," என்று சொல்லிவிட்டுக் குழம்புப் பாத்திரத்தை என் கையில் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

அன்று இரவே எழுதினேன். முழங்கையால் எதிரணி ஆட்டக்காரரின் வாயில் அடித்தார், அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பது என் முடிவு. மூன்று வரிதான். முதலில் என் கை எந்தப் பைக்குப் போனது என்பதை எழுத அந்தப் பாரத்தில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். அதை அப்போது எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

குழு அவளுக்கு இரண்டு மாதத் தடை விதித்தது. அவள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. மாத முடிவில் அவள் அண்ணன் ஒரு லோரி கொண்டுவந்தார். என்னைப் பார்த்து, நல்லா இருக்கீங்களா என்று விசாரித்துவிட்டுக் கட்டிலைத் தூக்கினார். அவள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "போறேன்" என்றாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. அணி அவள் இல்லாமல் பேங்காக் போய், முதல் நாளே தோற்றுத் திரும்பியது. தடை முடிந்த பிறகும் அவள் ஆட வரவில்லை.

யாரும் என்னைத் திட்டியதில்லை. ஆட்டக்காரிகளின் வாட்ஸ்அப் குழு மட்டும் மெல்ல மெல்ல அமைதியாகிவிட்டது. நான் இல்லாமல் வேறொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. திடலுக்குப் போனால் ஹாய் ரெஃப் என்பார்கள். ஒரு காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள். புது ஆளை வீட்டுக்குச் சேர்க்க மனமில்லாமல் முழு வாடகையையும் நானே கட்டினேன். அவள் அறைக் கதவைச் சாத்தி வைத்தால் ஒரு மாதிரி இருந்தது, திறந்து வைத்தால் இன்னும் மோசமாக இருந்தது. காலை ரயிலில் சுபாங் ஜெயா வரும்போது போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் கம்போங் மேடானிலிருந்து பஸ்ஸில் வருவாள், அந்த ஸ்டேஷனில் இருக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் தலையை நிமிர்த்தமாட்டேன். வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு அவள் பால்குடம் எடுப்பாள், நான் தண்ணீர் பாட்டிலோடு கூட நடப்பேன். அந்த வருடம் ஆபீஸில் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். ஆபீஸுக்கு அன்று விடுமுறை.

ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கல்லூரிப் பெண் வந்து பக்கத்தில் நின்றாள். சீனப்பெண், இருபது வயதுக்குமேல் இருக்காது, மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு இருந்தது. படிப்பு முடிந்து ஊருக்குப் போகப் போகிறாள், அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். அன்றைக்கு என் தோழியின் கூந்தலைப் பிடித்து இழுத்தது உண்மைதான் என்றாள். கையில் சுற்றி இழுத்ததாகச் செய்தே காட்டினாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்றாள்.

அது சரிதான். நானும் கேட்கவில்லை.

அதை எழுதித் தரமுடியுமா என்று கேட்டேன். தலையாட்டினாள், அன்றைக்கே அனுப்பியும் வைத்தாள். அதோடு சேர்த்து நானும் விசாரணைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. நான் முதலில் மஞ்சள் அட்டையைத்தான் எடுக்கப் போனேன், கோட்டோரம் நின்றவருக்குப் பயந்து மாற்றினேன் என்று அதில்தான் முதன்முதலில் எழுதினேன். குழுவிலிருந்து சுருக்கமாகப் பதில் வந்தது. பதிவைத் திருத்திவிட்டோம், தடைக்காலம் முடிந்துவிட்டதால் வேறொன்றும் செய்வதற்கில்லை, நேர்மைக்கு நன்றி. நேர்மை என்ற சொல்லைப் பார்க்க எனக்குக் கூசியது. அவளுக்கு விஷயத்தைச் செய்தியாக அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

பிறகு எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், கிள்ளானில் ஆபீஸுக்குக் கீழேயே ஒருவர் இருக்கிறார். நான் சுபாங் ஜெயாவில் இறங்கினேன்.

அவள்தான் என் பெயரைக் கூப்பிட்டாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. "வாங்க, இப்படிப் படுங்க," என்றாள். அந்த மரியாதை எனக்கு ஊசியைவிட வலித்தது. டாக்டர் ஊசி போட்டு, துளைத்து, அடைக்கும் வரைக்கும் அவள் என் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் இருக்கும். அவ்வளவு பக்கத்தில் அவள் நின்று ஒரு வருடமாகிறது, எனக்கோ வாயைத் திறந்து வைத்திருப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியவில்லை. கை அழுந்தாமல் பிடித்திருந்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்தபோது துடைத்துவிட்டாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அவள் கருவிகளைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு சூடா எதும் குடிக்காதீங்க," என்றாள்.

"மெசேஜ் பாத்தியா?" என்றேன். வாய் மரத்துச் சொற்கள் குழறின.

"பாத்தேன். கேப்டனும் அந்த லெட்டர் பத்தி சொன்னா." தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு முகமூடியை இறக்கினாள். "நீ பாக்கலன்னு எனக்குக் கோவமே இல்ல. யாருக்கும் பின்னாடி கண்ணு கெடையாது. வேற எவளா இருந்தாலும் மஞ்சள்தான் குடுத்திருப்ப. அது அன்னிக்கே எனக்குத் தெரியும். உன் கைய நான் பாத்தேன்."

"ஆமா," என்றேன்.

அவள் கோபமாக இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கி வைத்திருந்த ஒன்றைக் கீழே வைத்தவள் மாதிரி இருந்தாள். ஆனால் வைத்துவிட்டு என் பக்கம் வரவில்லை. ஆன்டி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். முழங்கால் வலி, மற்றபடி பரவாயில்லை என்றாள். நான் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன், சரி என்றாள். பிறகு முகமூடியை ஏற்றிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே நல்ல வெயில். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது போனில் செய்தி வந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ரெஃபரியாக வரமுடியுமா என்று. பாதி முகம் உணர்வில்லாமல் பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு ஒரு ரயிலைப் போகவிட்டேன். அடுத்த ரயில் வருவதற்குள், வருகிறேன் என்று பதில் போட்டேன்.