ஜலதோஷத்துக்கு ஓர் ஆள் வேண்டும்

போன மாதம் ஒரு பெண் என் சளியைக் கேட்டு வீடு தேடி வந்தாள். சத்தியமாகத்தான் சொல்கிறேன்!

பெயர் நிவேதா. ஆராய்ச்சி மாணவி. சளி கொடுக்க ஆரோக்கியமான வயசாளிகள் தேவை என்று எங்கள் சர்ச்சில் அறிவித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் கை தூக்கினேன்.

நம் மூச்சுக்குழாய்ச் சளியில் பெப்டைடு என்று ஒன்று இருக்கிறதாம் — புரதத்தின் குட்டித் துணுக்குகள். உள்ளே வரும் கிருமிகளை ஓட்டை போட்டே கொல்லுமாம். "சளின்னா கேவலமா நினைக்காதீங்க மேடம், அதுதான் நம்ம வாசல் செக்யூரிட்டி" என்றாள். எங்கள் மன்னார்புரம் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியை நினைத்துக்கொண்டேன். அவர் பகலிலேயே தூங்குவார்.

சின்ன மெஷினில் உப்புநீர் ஆவியை இழுக்கச் சொன்னாள். இருமி, டப்பாவில் துப்பினேன். எனக்கோ ஒரே கூச்சம். அவளோ "சூப்பர் மேடம்!" என்று வாங்கி மூடினாள். அப்புறம் காபி குடித்தபடி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் போய் இரண்டு வருஷம். மகன் மெல்பர்னில். இன்னொரு டம்ளருக்கும் சேர்த்துக் காபி கலந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கிளம்பும்போது சொன்னாள்: "ஜலதோஷம் பிடிச்சா உடனே போன் பண்ணுங்க மேடம். அப்ப பெப்டைடு எப்படி மாறுதுன்னு பார்க்கணும். நானே வரேன்."

விடுவேனா? குடையில்லாமல் முக்கொம்பு போய் மழையில் நனைந்தேன். தலைக்குக் குளித்து ஈரத்தோடு படுத்தேன். ஐஸ்கிரீம் — அதுவும் இரண்டு! ஊஹூம்... ஒரு தும்மல்கூட இல்லை.

வெட்கத்தை விட்டு நானே போன் செய்தேன். சிரித்துவிட்டாள்.

"நனைஞ்சா மட்டும் வந்துடாது மேடம். ஆளுங்ககிட்ட இருந்துதான் ஒட்டிக்கும். வீட்டுக்கு வர்றவங்க போறவங்க யாருக்காவது இருக்கா?"

வர்றவங்க... போறவங்க...

"பார்க்கறேம்மா" என்று வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். மறைப்பானேன்? அவர் தும்மினால் மறுநாள் நானும் தும்முவேன். "கொண்டாந்து ஒட்ட வெச்சிட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே இரண்டு பேருக்கும் மிளகு ரசம் வைப்பேன். ஜலதோஷம்கூட ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் வரும் போலிருக்கிறது.

நேற்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு அம்மா அடுக்கடுக்காகத் தும்மினார். நின்றிருந்தவர்கள் முகம் சுளித்து நகர்ந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, எனக்கு பயங்கர ஜலதோஷம்" என்றார் பாவம், அவரே.

"பரவாயில்லைங்க" என்று இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.