டீச்சர் வரப்பில் நடக்க வேண்டுமாம்

இன்று காலை நான் வகுத்தல் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு எழுத்தாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். எங்கள் பேராவூரணிப் பக்கத்து இளம் டீச்சர் ஒருத்தியையும் அவள் பிள்ளைகளையும் பற்றி நாவல் எழுதியிருக்கிறாராம். விளம்பரத்துக்கு போட்டோ வேண்டுமாம். ஹெச்.எம். தலையாட்டிவிட்டார்.

"அட்டையில இருக்கிற மாதிரி நீங்க வயல் வரப்புல நடக்கணும். பிள்ளைங்க பின்னாடி ஓடி வரணும்."

"இங்க வயல் ஏதுங்க சார்? சுத்தித் தென்னந்தோப்புதான்."

"தஞ்சாவூர் ஜில்லான்னா நெல்லுதானேங்க?"

பாவம், நாவல் முழுக்க நடவு நட்டு வைத்திருக்கிறார்.

கடைசியில் தோப்பில், விழுந்து கிடந்த மட்டைகளைத் தாண்டித் தாண்டிப் பிள்ளைகளை ஓடவிட்டார். என் கண்ணில் இன்னும் கொஞ்சம் கருணை வேண்டுமாம்.

திரும்பி வந்ததும், அவர் கொண்டுவந்திருந்த நாவலைப் புரட்டிப் பார்த்த ஐந்தாம் வகுப்பு பர்வீன் அவரிடமே கேட்டாள்: "சார், இதுல டீச்சர் எப்பப் பாடம் நடத்துவாங்க?"

"அவங்க அன்பைச் சொல்லிக் குடுக்கிறாங்கம்மா."

"அப்ப வகுத்தல்?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். மணியும் அடித்துவிட்டது. கணக்கு இன்னும் கரும்பலகையில் பாதியில் நிற்கிறது.

நாவலைப் படித்தவர்கள் இருந்தால், எந்தப் பக்கத்தில் அந்த டீச்சர் சாக்பீஸைத் தொடுகிறாள் என்று கமெண்டில் சொல்லுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொள்கிறேன்.