என் ஆத்தா பஞ்சம்மாளின் இடது கை

என் பெயர் மாயக்காள். சுருளிப்பட்டியில் நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை, கம்பத்தில் ஒரு பேக்கிங் கொட்டகை, சொந்தமாக இரண்டு லாரி. குமுளியிலும் கட்டப்பனையிலும் என் பெயரைச் சொல்லித்தான் பெட்டி கேட்பார்கள். புருஷன் வைத்துவிட்டுப் போனதும் இல்லை, மகன் கொடுத்ததும் இல்லை. எல்லாம் நானே உண்டாக்கியது. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பெற்றவளைப் பற்றி. கூடப் பிறந்தவன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று இந்தப் பக்கத்தில் முதன்முதலில் சொன்ன பொம்பளை அவள்தான். அவளுக்கு முன்னால் எவளாவது சொல்லியிருந்தால் வந்து என்னிடம் பேசட்டும்.

ஆத்தா பிறந்த ஊர் அனுமந்தன்பட்டி. அவளுக்கு ஒரு அண்ணன், தங்கப்பாண்டி. ஒரு தம்பி, சின்னக்கருப்பு. இருவரும் எனக்குத் தாய்மாமன்கள். அவர்களுடைய அப்பா ஏலத்தோட்டத்தில் மூட்டை சுமந்து ஒன்றரை ஏக்கர் வாங்கி, கல் ஊன்றி, கம்பி இழுத்து, திராட்சைப் பந்தல் போட்டவர். தொண்ணூற்றெட்டில் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரை ஏக்கர். ஊர் வழக்கம் வேறு. கருமாதி முடிந்ததும் அண்ணன்காரன் ஒரு பட்டுச்சேலையோடு வருவான். தங்கச்சியை ஜீப்பில் ஏற்றிப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப் போவான். எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய காகிதத்தில் அவளுடைய இடது பெருவிரலை உருட்டுவான். பிறகு எல்லாருக்கும் ஓட்டலில் பிரியாணி. அந்தச் சேலையும் பிரியாணியும்தான் பொம்பளையின் பாகம்.

தங்கப்பாண்டி கொண்டுவந்த சேலையை ஆத்தா பிரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து அண்ணன் கையிலேயே கொடுத்தாள்.

"சேலை நல்லாருக்குண்ணே. மதினிக்குக் குடு. எனக்கு என் அரை ஏக்கரை அளந்து விடு."

மாமன் சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் நாள், பேசித் தீர்த்துக்கொள்வோம், தோட்டத்துக்கு வா என்று ஆள் அனுப்பினார். நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, ஆத்தாவுக்கு ஐம்பத்து மூன்று. இரண்டு மாமன்களும் கொடிக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏ பஞ்சு, ஊர்ல எவளாச்சும் பாகம் கேட்டிருக்காளா?" என்றார் தங்கப்பாண்டி.

"எவளும் கேக்கலைன்னா நான் கேக்கக் கூடாதாக்கும்?"

"ஒனக்குக் கல்யாணத்துல அஞ்சு பவுன் போட்டோம்ல?"

"ஒனக்கும்தான் மாமனார் வீட்டுல பத்துப் பவுன் போட்டாக. அதைக் கழிச்சுட்டுத்தான் பாகம் எடுத்துக்கிருவியா?"

சின்னக்கருப்பு மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் மூத்தவருக்கு வெறி ஏற்றியது. கூடப் பிறந்தவளின் வயிற்றில் ஓங்கி உதைத்தார். அவள் பந்தல் கல்லில் மோதி விழுந்தாள். நான் பாய்ந்தேன். சின்னக்கருப்பு என் கையை முறுக்கி, முகத்தைச் சேற்றில் வைத்து அழுத்தினார். ஒரு கண்ணால்தான் பார்த்தேன். தங்கப்பாண்டி அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, இடது கையைக் கல்லோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மற்ற கையில் கவாத்துக் கத்தரி.

"நாட்டு வைக்காத வெரலு எதுக்குடி ஒனக்கு?"

முற்றின கொடியை நறுக்கும்போது வரும் சத்தம்தான் வந்தது. பெருவிரல் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து விழுந்தது.

சின்னக்கருப்பு அலறினார். "யண்ணே! அந்த வெரலுதானண்ணே வேணும்! அதைப் போயி வெட்டிப்புட்டியே!"

ஆத்தா எழுந்து உட்கார்ந்தாள். ரத்தம் முழங்கை வழியாக மடியில் கொட்டியது. வலது கையை நீட்டினாள்.

"இந்தா, இன்னொண்ணு இருக்கு. இதையும் வெட்டி எடுத்துட்டுப் போ. என் கை வரும். நான் வர மாட்டேன்."

அவர்கள் மலைத்து நின்றதில் எனக்குப் பிடி விட்டது. கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். சின்னக்கருப்புக்கு இரண்டு பல் போனது. தங்கப்பாண்டிக்கு முழங்கால் உடைந்தது. சாகும்வரை நொண்டித்தான் நடந்தார். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் அடித்தேன்.

ஸ்டேஷனில், "அண்ணன் தங்கச்சிக்குள்ள இதெல்லாம் சகஜம், சமாதானமாப் போங்க" என்றார்கள். ஆத்தா கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்து, வெட்டுப்பட்ட கையை ஏட்டையாவின் நோட்டு மேல் வைத்தாள். எழுதிய பக்கமெல்லாம் சிவப்பானது. வழக்குப் பதிந்த பிறகுதான் கையை எடுத்தாள். தங்கப்பாண்டி பதினோரு மாதம் ஜெயிலில் இருந்தார்.

பாகத்துக்குக் கோர்ட்டில் ஒன்பது வருஷம் ஆனது. அந்த ஒன்பது வருஷத்தில் எங்கள் கூரையைக் கொளுத்தினார்கள். கறவை மாட்டின் கால் நரம்பை அறுத்தார்கள். சின்னக்கருப்பின் பொண்டாட்டி ஓடுகிற பஸ்ஸில் ஆத்தாவைச் செருப்பால் அடித்தாள். ஒரு வாய்தாவுக்குக்கூட ஆத்தா தவறவில்லை. இரண்டாயிரத்து ஏழில் தீர்ப்பு வந்தது. சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்றினார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். இவள் முகூர்த்த நாளெல்லாம் பதிவு ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தாள். பட்டுச்சேலையோடு ஜீப்பில் வந்து இறங்குகிறவளிடம் இடது கையைக் காட்டுவாள். "என்ன எழுதிருக்குன்னு வாசிக்கச் சொல்லிக் கேட்டியா தாயி?" அவ்வளவுதான் கேட்பாள். அதற்கு அவளை அறைந்திருக்கிறார்கள், மயிரைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், முகத்தில் வெற்றிலை எச்சில் துப்பியிருக்கிறார்கள். எட்டு வருஷத்தில் முப்பத்தேழு பெண்கள் நாட்டு வைக்காமல் திரும்பிப் போனார்கள். ஒவ்வொருத்தி பேரும் ஊரும் எனக்கு மனப்பாடம்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் ஒரு காலையில் ஜோதிலட்சுமி எங்கள் வாசலுக்கு வந்தாள். தங்கப்பாண்டியின் மகள். மாமன் அப்போது செத்து ஒரு மாதம். அவள் உதடு கிழிந்திருந்தது, கழுத்தில் விரல் தடம். நான் விளக்குமாற்றை எடுத்தேன்.

"ஒங்கப்பன் வெட்டுன வெரலைப் பொறுக்கிட்டுப் போக வந்தியாடி?"

அவள் என்னைத் தாண்டி ஆத்தாவைப் பார்த்தாள். "அயித்தை, எங்கண்ணன் விஜய்பாண்டி நாளைக்கு ஆபீசுக்கு வரச் சொல்லுறான். நாட்டு வைக்கலைன்னா கழுத்தை அறுத்துருவேங்கிறான்."

"வெரட்டு ஆத்தா அவளை" என்றேன்.

"கிறுக்கச்சி! பாகம் கேட்டு வந்தவகிட்ட அப்பன் பேரையா கேட்டுக்கிட்டு நிப்பாக?" என்று என்னை ஏசிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டாள். "வா தாயி. மொதல்ல கஞ்சியக் குடி."

மறுநாள் மூன்று பேரும் போனோம். படியில் விஜய்பாண்டி நின்றான். "ஒத்த வெரலு போயும் புத்தி வரலையா கெழவி?" என்று கேட்டுக்கொண்டே எழுபது வயதுக்காரியின் நெஞ்சில் மிதித்தான். பின்னந்தலை படியின் விளிம்பில் அடித்தது. ஜோதி நிற்கவில்லை, உள்ளே ஓடினாள். என் இரண்டு கையும் ஆத்தாவின் தலையைத் தாங்கியிருந்தன. அவனை ஒரு அடி அடிக்க எனக்குக் கை இல்லை. அது ஒன்றுதான் இன்றுவரை எனக்குள்ள குறை. போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது பிறகு.

விரலிடுக்கில் சூடாக ரத்தம் ஓடியது. உள்ளே அதிகாரி கேட்பதும் ஜோதி கத்துவதும் காதில் விழுந்தன.

"என்ன சொன்னா?" என்றாள் ஆத்தா.

"சம்மதம் இல்லைன்னுட்டா."

"சத்தமாச் சொன்னாளா?"

"தெருவுக்கே கேட்டுச்சு ஆத்தா."

பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

அவளுக்குச் சிலை வை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது முடியாத காரியம் இல்லை. ஆனால் சிலை யாரையும் கேள்வி கேட்காது. அதனால் முகூர்த்த நாளில் லாரியை டிரைவரிடம் விட்டுவிட்டு நான் போய் அந்தப் படியில் உட்காருகிறேன். ஆத்தா அடி வாங்கினாள். நான் வாங்குவதில்லை. போன மாதம் ஒருவன், "தள்ளு கெழவி" என்று காலை ஓங்கினான். குடைக் கம்பியால் முட்டியிலேயே ஒன்று போட்டேன். உட்கார்ந்துவிட்டான். அவன் தங்கச்சி அவன் மடியில் இருந்த பத்திரத்தை உருவி என்னிடம் நீட்டினாள்.

"வாசிங்க அத்தை."

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். மூன்று பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒரு வரியையும் விடவில்லை. அதுவரைக்கும் அவன் வெயிலில் முட்டியைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.