தங்கராஜ் அண்ணனின் இருமல்

தருமபுரியில் பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பழைய சைக்கிள் குடோனுக்கு மேலே தகரக்கூரை போட்ட ஒரு கூடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆராதனை. மற்ற நாட்களில் பறை அடிப்பார்கள், படம் வரைவார்கள், நாடக ஒத்திகை பார்ப்பார்கள், கவிதை என்று நினைத்து எதையாவது எழுதிக்கொண்டு வந்து வாசிப்பார்கள். சிலுவைக்குப் பக்கத்திலேயே பெயிண்ட் டப்பா இருக்கும். பெரிய சபைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. "அது சபையா, சினிமா கொட்டாயா?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவர் வாயை மூடுவதற்குள் இவர்கள் அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். நம் மாவட்டத்தில் எத்தனையோ ஊர்களுக்குக் கொட்டாய் என்றுதானே பெயர், இதில் என்ன குறைந்துபோகிறது?

அந்தக் கொட்டாயில் ஒலிப்பதிவு வேலை எல்லாம் அம்பிகாவுடையது. பொம்மிடிக்குப் பக்கத்தில் மரவள்ளி போடும் குடும்பத்தில் பிறந்தவள். டவுனில் வெங்கடாசலம் என்பவரின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கொட்டாயில் மைக் 'உம்' என்று இரைகிறது, வந்து பார் என்று கூப்பிட்டார்கள். பார்க்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இரண்டு வருடம் கழித்து ஞானஸ்நானமும் எடுத்தாள். அம்மா கண்ணம்மாள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "கும்புடறத நீ எங்க வேணா கும்புடு. நான் வெச்ச பேர மட்டும் மாத்தாத" என்றாள். அதனால் அவள் இன்றைக்கும் அம்பிகாதான்.

கொட்டாய்க்காரர்கள் பெரிய வெள்ளியன்று ஒரு பள்ளி மைதானத்தில், இயேசு சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். இரண்டாயிரம் பேராவது வருவார்கள், பாதிப் பேர் கோவிலுக்குப் போகிறவர்கள்தான். திறந்த மைதானத்தில் நேரடியாகப் பேசினால் காற்று பாதி வசனத்தைத் தின்றுவிடும். ஆகவே வசனத்தை எல்லாம் ஜனவரியிலிருந்தே பதிவு செய்து, நாடகத்தன்று ஒலிபெருக்கியில் விடுவார்கள். மேடையில் இருப்பவர்கள் வாயசைத்தால் போதும். சிலுவையில் தொங்குவது ரஞ்சித்குமார், நல்ல உயரம், சுருட்டை முடி. வாயைத் திறந்தால் கீச்சென்று இருக்கும். அவனுக்குள்ளிருந்து பேசியது தங்கராஜ்.

தங்கராஜ் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு விளம்பரம் சொல்கிறவர். ஜவுளிக்கடைத் திறப்பு, கண் சிகிச்சை முகாம், காணாமல் போன எருமை, எதுவானாலும் தருமபுரித் தெருக்களில் அவர் குரல்தான். கொட்டாயின் மூலையில் பழைய மெத்தைகளை அடித்து மறைத்த ஓர் அறை உண்டு. பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது. போன வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை, வாரம் மூன்று நாள், அவர் அதற்குள் நின்று பேசினார். அம்பிகா வெளியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் வாரத்திலேயே அவர் இருமினார். பனி என்றார். இரண்டாம் வாரம் வசனத்துக்கு நடுவே இருமினார். பிப்ரவரியில் இரண்டு வரிக்கு ஒரு தடவை. ஒரு நாள் அறையை விட்டு வெளியே வந்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அம்பிகா, இத நீட்டா வெட்டிரும்மா. வூட்ல அமுதா காதுல உழுந்தா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருவா. ஈஸ்டர் முடியட்டும், நானே போய் காட்டிக்கிறேன்."

"சரிங்கண்ணா" என்றாள் அம்பிகா.

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'சரிங்கண்ணா'வைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் அவள் எதை வேண்டுமானாலும் கொடுப்பாள்.

அவள் தொழிலில் கெட்டிக்காரி. ஒவ்வோர் இருமலாக வெட்டி எடுத்தாள். வெட்டிய இடத்தை ஒட்டிச் சுருக்க முடியாது, ரஞ்சித்குமார் அந்த நீளத்துக்கே வாயசைத்துப் பழகியிருந்தான். ஆகவே இருமல் இருந்த இடத்தில் அறையின் வெறும் நிசப்தத்தை வைத்து நிரப்பினாள். பெரிய வெள்ளியன்று அந்த நிசப்தங்கள்தான் கூட்டத்தை அழவைத்தன. இயேசுவை விசாரிக்கும் பிலாத்துவின் முன்னால் ஒரு வார்த்தை, பிறகு நெடிய மௌனம், பிறகு அடுத்த வார்த்தை. "யப்பா, அந்த கேப்பு வுட்டாரு பாருங்க!" என்று கொட்டாயை நடத்தும் அன்பு, பள்ளி ஓவிய ஆசிரியர், பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சினிமா கொட்டாயா என்று கேட்ட மூப்பர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி.

ஈஸ்டர் முடிந்தது. தங்கராஜ் போய்க் காட்டிக்கொள்ளவில்லை. ஜூனில் ரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் போனார். காசநோய், நுரையீரலை இரண்டு பக்கமும் அரித்துவிட்டது. "ஒரு மூணு நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே போயிருக்கும்" என்று டாக்டர் சொன்னார். ஆடி பிறப்பதற்கு முன்னால் அடக்கம் முடிந்தது.

அமுதவல்லி, தங்கராஜின் மனைவி, ஜாக்கெட் தைக்கிறவள். அவள் அடக்கத்தன்று அழுத அழுகையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. "ஒரே வூட்ல இருந்தனே, எனக்குக் காது கேக்காமப் போச்சே!" ஆட்டோ பேட்டரி திருட்டுப் போகிறது என்று சொல்லி அவர் ஜனவரியிலிருந்து ஆட்டோவிலேயே காவல் படுத்திருந்தார். அதை நம்பித் தூங்கிய தன்னையே அவள் அடித்துக்கொண்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இரண்டு அடி தள்ளி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அம்பிகாவுக்கு ஹெட்போன் மாட்டினால் இருமல் கேட்டது. நாதஸ்வரத்துக்கு அடியில் கேட்டது. மணப்பெண்ணின் தோழிகள் சிரித்து முடித்த இடத்தில் கேட்டது. கழற்றிவிட்டுக் கேட்டால் இருக்காது, மாட்டினால் இருக்கும். அதே ஆள், அதே தொண்டை, முதலில் இரண்டு சின்ன இருமல், பிறகு அடியிலிருந்து ஒரு பெரிய இருமல். அவளும் போய்ச் சளி பரிசோதனை செய்துகொண்டாள். எதுவும் இல்லை என்று சீட்டு வந்தபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. தண்டனை வரும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தாள்.

ஒரு கல்யாண வீடியோவில் பெண்ணின் பெரியப்பா நிஜமாகவே இருமியிருந்தார். அம்பிகா அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் போட்டு, "உங்க பெரியப்பாவ ஒரு தடவ டாக்டருகிட்ட காட்டிருங்க" என்றாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெங்கடாசலத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "வீடியோவ எடிட் பண்ணுன்னா வைத்தியம் பண்றியா? ஆல்பம் எப்ப வரும்னு கேக்குற ஆளு, இப்ப எங்களுக்கு என்ன வியாதின்னு கேக்குறான்!" என்று கத்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வாரமும் போன் போட்டாள்.

அவள் எதையும் அழிக்கிறவள் இல்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஆறு மாதம் கழித்து வந்து வெட்டியதைக் கேட்பார்கள் என்று தொழிலில் கற்ற பழக்கம். தங்கராஜின் இருமல்களும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் தேதி வாரியாகக் கிடந்தன. அழித்துவிடலாம் என்று பத்துத் தடவையாவது திறந்திருப்பாள்.

இந்த வருடம் ஜனவரியில் அன்பு கூட்டத்தைக் கூட்டி, யாரும் புதிதாகப் பேச வேண்டாம், தங்கராஜ் அண்ணன் குரலிலேயே நாடகம் போடலாம் என்றார். அவருக்குச் செய்யும் மரியாதை. எல்லோரும் கைதட்டினார்கள். அமுதவல்லியும் வந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் நேராக அம்பிகாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் அவரு குரல பத்திரமா வெச்சிருக்கிறியாமா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

அந்தக் கையின் சூடு அம்பிகாவுக்குத் தாங்கவில்லை. சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஆறு மாதம் ஓட்டியாயிற்று. புண்ணியம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு இனி உயிரோடு இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாள் மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அமுதவல்லி வீட்டுக்குப் போனாள்.

அமுதவல்லி தையல் மிஷினில் இருந்தாள். அம்பிகா உட்காரவில்லை, நின்றபடியே சொன்னாள்.

"அண்ணன் ஜனவரியிலயே இருமுனாருக்கா. மூணு மாசம் நான் கேட்டேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாரு, நான் வெட்டிட்டேன்."

மிஷின் நின்றது.

"ஈஸ்டர் வரைக்கும்னு சொன்னாரு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். அவர் சொன்னார் என்பது மட்டும் உண்மையில்லை. பாதி உண்மையைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தோம்? "அவரு சொன்னதுக்காக மட்டும் இல்லக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா ரெக்கார்டிங் நின்னுரும். அந்தக் கொரலு எனக்கு வேண்டியிருந்துச்சு. இருமி இருமி தொண்ட கம்முன அப்பறம் இன்னும் நல்லா இருந்துச்சுக்கா. நாடகம் நல்லா வரணும்னு நெனச்சேன்."

அமுதவல்லி திட்டுவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்று அம்பிகா நினைத்தாள். எடுத்திருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பாள். அமுதவல்லி நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "கேக்கலாமா?" என்றாள்.

ஹெட்போனை மாட்டிவிட்டு அம்பிகா ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் அமுதவல்லி தேதி கேட்டாள். ஜனவரி பதினெட்டு என்றால், "அன்னிக்கு எங்கண்ணன் வூட்டு விசேசம், சிரிச்சிக்கிட்டுதான் இருந்தாரு" என்றாள். பிப்ரவரி ஒன்பதைத் திரும்பப் போடச் சொன்னாள். முக்கால் மணி நேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் முகாம் சொன்ன மனுசன், எங்கிட்ட மறைச்சாரு. உங்கிட்ட மறைக்கல."

அம்பிகா அழுதாள். அமுதவல்லி அழவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை.

"எடுத்ததெல்லாம் எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சிரு. அப்படியே நாடகத்துக்குப் போடு" என்றாள். "இல்லன்னா அவரு கொரலு வேணாம்."

இதைக் கேட்டு அன்பு ஆடிப்போனார். கலை, சுதந்திரம், தைரியம் என்று வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிறவர்தான். "அதுக்குன்னு இயேசு இருமுறதா? இருமுனாருன்னு சுவிசேசத்துல எங்கங்க எழுதியிருக்கு?"

"இருமவே இல்லன்னு எங்கங்க எழுதியிருக்குது?" என்றாள் அமுதவல்லி.

அன்பு சரி என்றார். அம்பிகா எல்லா இருமலையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்தாள். நிசப்தம் வைத்து நிரப்பிய நீளத்தில் ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த வேலை நடந்த ஆறு வாரமும் கல்யாண வீடியோக்களில் இருமல் கேட்கவில்லை. மன்னிப்பு வந்துவிட்டதோ என்று அவள் பேராசைப்பட்டாள்.

பெரிய வெள்ளி மாலை, வெயில் தாழும் நேரத்தில் நாடகம் தொடங்கியது. அமுதவல்லி முதல் வரிசையில் இருந்தாள். கெத்செமனே தோட்டக் காட்சியில் முதல் இருமல் வந்தபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். மைக் செட்டு ரிப்பேர் என்று ஒருவர் அம்பிகாவைப் பார்த்துக் கை காட்டினார். மூன்றாவது இருமலுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. பிலாத்துவின் முன்னால் மௌனமாக நின்று பழகிய ரஞ்சித்குமார், இந்த வருடம் தோள் குலுங்க இருமினான். ஊர் முழுக்க அறிந்த குரல் அது. போன வருடம் செத்தவர் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். அது யாரைக் கும்பிட்டது என்று அம்பிகாவுக்குப் புரியவில்லை.

சிலுவைக் காட்சி வந்தது. தாகம் என்று சொல்லும் இடத்துக்கு முன்னால் தங்கராஜ் இருமிய இருமல்தான் எல்லாவற்றிலும் நீளம். இரண்டு சின்னது, பிறகு அடியிலிருந்து வந்து நிற்கவே நிற்காமல் ஒன்று. குடிக்கக் கொடுப்பதற்காகக் காடி தோய்த்த கடற்காளானைக் கோலில் குத்திப் பிடித்த போர்வீரன் அசையாமல் காத்திருந்தான். அப்போது அமுதவல்லி எழுந்தாள். கையில் அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டில்.

எல்லோரும் அவள் சிலுவையடிக்குப் போவாள் என்று வழிவிட்டார்கள். அவள் ரஞ்சித்குமாரைத் திரும்பியும் பார்க்கவில்லை. மைதானத்தின் இடது ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிடம் போனாள். மூடியைத் திருகித் திறந்து, பாட்டிலைக் கையில் ஏந்தியபடி, பெட்டியின் முன்னால் இருமல் நிற்கும் வரைக்கும் நின்றாள். ஒலியைக் குறைக்கச் சொல்லி அன்பு சைகை காட்டினார். அம்பிகாவின் விரல் அசையவில்லை.

நாடகம் முடிந்து ஜனங்கள் சத்தமில்லாமல் கலைந்தார்கள். அம்பிகா ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி வந்து பாட்டிலை மேசைமேல் வைத்தாள். அது நிறைந்தே இருந்தது.

"அன்னிக்கே ஒரு போன் போட்டிருந்தீன்னா, இந்தத் தண்ணிய வூட்லயே குடுத்திருப்பேன்டி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நெஞ்ச நீவி விட்டிருப்பேன். என்னாத்துக்கு அம்பிகா எனக்குச் சொல்லல?"

அம்பிகா ஜனவரியிலேயே எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. சொல்ல மிச்சம் ஒன்றும் இல்லை. அமுதவல்லி பதிலுக்காக அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.