இரண்டு பாதை, ஒரே குழி

நெட்வொர்க் வேலையில் லைன் நன்றாக ஓடும் வரை நம்மை எவரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் தீவு முழுக்க நம் நம்பரைத் தேடும். வீடியோ நடுவில் சக்கரம் சுற்றும்போது என்னைத் திட்டியவர்களில் நீங்களும் இருக்கலாம். பரவாயில்லை, வீட்டில் நானும் அதையேதான் செய்கிறேன்.

மூட்டைமேல் சீட்டு

ஹேவ்லாக் தீவுச் சுகாதார நிலையத்தில் செல்வி சிஸ்டர். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் ஈசிஜியை போர்ட் பிளேர் டாக்டருக்கு அனுப்பி, வீடியோவில் அவர் சொல்லச் சொல்ல மருந்து கொடுப்பார். ஆனால் ரிசார்ட் விருந்தாளிகள் கடலையும் தங்களையும் படம் பிடித்து ஊருக்கு அனுப்பத் தொடங்கினால், டாக்டர் திறந்த வாய் மூடாமல் திரையில் நின்றுவிடுவார்.

அதைச் சரிசெய்யப் போனேன். படகுத்துறை ஜெட்டியில் மூட்டை ஏற்றுகிறவர் பிரித்தா பார்க்கிறார்? மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்து, எந்தப் படகோ அதில் தள்ளிவிடுவார். எங்கள் எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு லேபிள், வழியில் உள்ள ரவுட்டர் அதை மட்டுமே படிக்கும். "உங்க மூட்டைக்கு அவசரச் சீட்டு ஒட்டிட்டேன் சிஸ்டர். இனிமே ரிசார்ட் மூட்டைக்கு முன்னாடி போகும்" என்றேன் பெருமையாக.

சிஸ்டர் கையுறையைக் கழற்றியபடி கேட்டார்: "அதெல்லாம் டீக் ஹை சார். போட்டே கேன்சல் ஆயிட்டா?"

முருகையா அண்ணனின் கடப்பாரை

நியாயமான கேள்வி. காற்று பலமானால் போட் ஓடாது. நோயாளியைக் கரை சேர்க்க முடியாத அந்த நாளில் லைனும் அறுந்தால் சிஸ்டர் தனியாக நிற்பார். இதற்கு எங்களிடம் வழி உண்டு. மாற்றுப் பாதையை முன்கூட்டியே எழுதி வைத்தால், ஒன்று அறுந்ததும் கண் இமைப்பதற்குள் லேபிள் மாறி அடுத்ததில் ஓடும்.

போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் ஆபீஸ் ஏசியில் உட்கார்ந்தே எழுதினேன். திரையில் பச்சைக் கோடு ஒன்று, நீலக் கோடு ஒன்று. பச்சையை நிறுத்தினேன், நீலத்தில் ஓடியது. எனக்கு நானே கைகொடுக்காத குறைதான்.

அடுத்த வாரம் ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் கேபிள் பெட்டி பார்க்கப் போனபோது, பாக்குத் தோட்டக்காரர் முருகையா அண்ணனிடம் அந்தப் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். கேபிள் புதைத்தபோது கூடவே நின்றவர் அவர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடப்பாரையால் வேலியோரத்தைத் தட்டினார். பச்சையும் நீலமும் அங்கே ஒரே குழியில் படுத்திருந்தன! கோட்டைத் திரையில் மட்டும் பார்த்தவன் நான். மண்ணில் நடந்து பார்க்கவே இல்லை.

"ரெண்டு போட்டுன்னு சொல்றே, ரெண்டையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கே. கயிறு அறுந்தா தோனோ கயா, ரெண்டும் போச்சு தம்பி!"

ஜேசிபி வந்த காலை

வெட்கம் பிடுங்கித் தின்றது. மாற்றுப் பாதையை டாலிகஞ்ச் வழியாகத் திருப்பி, இந்த முறை முழுத் தூரமும் நடந்தே பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, போட் எல்லாம் ரத்தான ஒரு மழை நாள். காலை பதினோரு மணிக்கு முருகையா அண்ணன் போன்: "தம்பி, ஜேசிபி காவா தோண்டுது, உன் கம்பி மேல வந்திருச்சு!" திரையில் சிப்பிகாட் பாதை சிவப்பானது. அதே நேரம் ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட் சமையல்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்; ஈசிஜி அனுப்பப் போவதாகப் பத்து நிமிடம் முன்புதான் சிஸ்டர் போனில் சொல்லியிருந்தார். உடனே சிஸ்டரை அழைத்து, "லைன் போயிருச்சா சிஸ்டர்?" என்றேன்.

"எந்த லைன்? டாக்டர் டோஸ் சொல்லிட்டிருக்கார், நடுவுல போன் பண்ணாதீங்க சார்!"

பட்டென்று வைத்துவிட்டார். நான் ஆபீசில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சமையல்காரர் இப்போது மீண்டும் மீன் வறுக்கிறார்.

எங்கள் தொழிலில் வேலை சரியாக நடந்ததற்குக் கிடைக்கும் ஒரே பாராட்டு, போனைப் பட்டென்று வைப்பதுதான்.