அகழிக்குள் கிடந்தவர்கள்

மகள் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன இடத்தில், ஒரு பழைய கோட்டையில் சனிக்கிழமைகளில் வழிகாட்டியாக வேலை எடுத்துக்கொண்டாள். மத்திய காலத்துக் கோட்டை, பாதி இடிந்தது. வேலை தொடங்குவதற்கு முதல் ஞாயிறு, சொல்லிப் பழக வேண்டும் என்று வீடியோ கோலில் வந்தாள். நாங்கள் குடியேறிய லிட்கமில், வீட்டில் நானும் கணவரும் பின்னேரத் தேநீரோடு இருந்தோம்.

முதலில் கோபுரத்துக் கதை. போருக்குப் போன கணவனுக்காக ஒருத்தி மேல் ஜன்னலில் விளக்கு வைத்தாளாம். மழை நாட்களில் இன்றும் அந்த வெளிச்சம் தெரியுமாம். நான் சிரித்தேன். பிறகு முற்றுகைக்கு வந்தாள்.

ஒரு குளிர்காலம் எதிரிப்படை கோட்டையைச் சுற்றி வளைத்தது. உள்ளே தானியம் குறைந்தது. சண்டை போட முடியாத முதியவர்களையும் தாய்மாரையும் குழந்தைகளையும் கோட்டைத் தலைவன் வெளியே துரத்திவிட்டுக் கதவைப் பூட்டினான். எதிரிகளும் அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. நடுவில், அகழிக்குள், பனியில் கிடந்தார்கள். குளிர்காலத்தில் அங்கே அழுகுரல் கேட்கும் என்று ஊரார் சொல்வார்களாம்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். போரின் கடைசி மாதங்களில் வன்னிக் கடற்கரை மணலில், எந்தப் பக்கமும் போக முடியாமல், நாங்களும் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்கள். அவள் அப்போது சின்னப்பிள்ளை. அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று நம்பி, வீட்டில் அதைப் பற்றி நாங்கள் வாயே திறந்ததில்லை.

“அந்தப் பகுதியை விட்டிட்டுச் சொல்லேலாதோ?” என்றார் இவர்.

“ஏலாது அப்பா. சனம் அதைக் கேக்கத்தான் வருகினம். இட்ஸ் த மெயின் ஸ்டோரி.”

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைவுதான். நான் வேலை செய்யும் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்பு மாற்றும்போதுகூட, அத்தனை பேருக்கு முன்னால் அவள் பேச்சு வராமல் நிற்பது போலத் தோன்றும்.

சனிக்கிழமை, சுற்றிக்காட்டி முடிந்திருக்க வேண்டிய நேரம் கடந்தும் அவள் போனை எடுக்கவில்லை. “சார்ஜ் போயிருக்கும்” என்றார் இவர். சொல்லிவிட்டுப் போட்ட சோற்றைத் தொடாமல் ஜன்னலடியில் போய் நின்றார். கடைசியில் அவளே அழைத்தாள்.

“ஏன் பிள்ளை போன் எடுக்கேல்ல?”

“கொஞ்ச நேரம் தனிய இருக்க வேணும் போல இருந்தது அம்மா.” குரல் கரகரத்தது. “அகழிக்குள்ள இருந்து ஆராவது தப்பினவையோ எண்டு ஒரு அன்ரி கேட்டவ. என்ர அம்மாவும் அப்பாவும் தப்பினவை எண்டு சொல்லிப்போட்டன்.”

“உனக்கு ஞாபகம் இருக்கோ?”

“ஓம். அப்பா என்ர காதைப் பொத்தினவர். கையெல்லாம் மணல். கேட்டா நீங்கள் அழுவீங்கள் எண்டுதான் ஒண்டும் கேக்கிறேல்ல.”

இவர் போனை வாங்கி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாப்பிட்டியோ?” என்றார். “உனக்குக் கஷ்டமெண்டா வேலையை விடு.”

“விடமாட்டன் அப்பா.”

விடவில்லை. சனிக்கிழமைகளில் அவளுடைய செய்தி வரும்வரை எனக்கு இன்றும் சாப்பாடு இறங்குவதில்லை. ஞாயிறுகளில் அந்த நாட்களைப் பற்றி அவள் எதையாவது கேட்பாள், இவர் சொல்வார், நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் குசினிக்குள் போய்விடுவேன். போன வாரம், பதுங்குகுழியில் எங்களுக்குத் தண்ணீர் தந்தது யார் என்று கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. நான் வந்து கதிரையில் உட்கார்ந்து, அந்த மனிசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.