மதிய இடைவேளையில் பதிவான குரல்

எழுபதுகளின் கடைசியில் சிட்னியில் நான் பார்த்த வேலை, முகம் தெரியாதவர்களின் ஆங்கிலப் பேச்சைத் தட்டச்சு செய்வது. ஃபெடரல் கோர்ட் எனும் சமஷ்டி நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணைகளை ஒலிநாடாவில் பதிவார்கள். விசாரணை மண்டபத்துக்கு இரண்டு மாடி கீழே, ஜன்னல் இல்லாத அறையொன்றில் நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். காதில் கருவியை மாட்டி, கால் மிதியை அழுத்தி நாடாவை ஓட்டி, கேட்டதை எழுத்தாக்குவோம். ஒரே வழக்கின் நாடாக்களைப் பங்குபோட்டுத் தருவார்கள். ஒரு சாட்சியின் குரல் எனக்கு வந்தால், அடுத்தவரின் குரல் பக்கத்து மேசைக்குப் போய்விடும்.

அந்த வழக்கு பிளாக்டவுன் பக்கத்தில் மின்சுவிட்ச் செய்யும் ஒரு தொழிற்சாலையைப் பற்றியது. அங்கே ஏழு வருடம் வேலை செய்த ஒரு பெண்ணை, உடன் வேலை செய்தவர்கள் தொழிற்சங்கப் பிரதிநிதியாகத் தெரிவு செய்தார்கள். அடுத்த கிழமையே மேலாளர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். சங்கத்தில் பொறுப்பேற்றதற்காக ஒருவரை நிறுத்துவது குற்றம். ஆனால் நிறுத்தியவரின் மனதில் இருந்த காரணம் எது என்று யார் காட்டுவது? அந்தச் சுமையைச் சட்டம் தொழிற்சாலையின் தலையில் வைத்திருந்தது. அதற்காக நிறுத்தவில்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

எனக்கு வந்தது மேலாளரின் சாட்சியம். குறுக்கு விசாரணை முடியுமுன்பே மதிய இடைவேளை வந்துவிட்டது. விசாரணையின் நடுவில் நிற்பதால் சாட்சியத்தைப் பற்றி எவரோடும் பேசக் கூடாது என்று நீதிபதி அவரை எச்சரித்தார். கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது. கதவு சாத்தப்பட்டது. பதிவு இயந்திரத்தை நிறுத்த யாரோ மறந்திருந்தார்கள்.

ஆளில்லாத மண்டபத்தின் மெல்லிய இரைச்சல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாடாவை முன்னோக்கித் தள்ளப்போன நேரம், ஒலிவாங்கிக்கு மிக அருகிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"அன்றைக்கு ஏன் அவளை நிறுத்தினீங்கள்?"

"அவளின்ர கை மெதுவாகிவிட்டது. அதால மற்றவர்களின்ர வேலையும் பிந்தினது." அது மேலாளரின் குரல்.

"திரும்பச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அவள் மீண்டும் கேட்டாள். அவர் மீண்டும் சொன்னார். எத்தனை தரம் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு தரமும் அந்த வசனத்திலிருந்து ஏதோ வடிந்துபோனது. கடைசியில் ஒரு மனிதர் பேசுவது போலவே கேட்கவில்லை.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்குச் சொல்லுங்கோ. அவள் என்ன செய்தவள்?"

பதில் வரவில்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நாடா சுழன்றது. மிதியிலிருந்து காலை எடுக்க எனக்கு முடியவில்லை. நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு சோடிக் காலடிகள் தூரப் போயின. ஒரு சோடி மட்டுந்தான். கதவு திறந்து மூடியது.

அந்த வழக்கில் நீதிபதி, வழக்கறிஞர்கள், பணியாளர்கள் எல்லோரும் ஆண்கள். வழக்கில் பேசுவோர் என்று என்னிடம் தந்திருந்த பெயர்ப் பட்டியலில் இருந்த ஒரே பெண், வேலை இழந்தவள். அவளுடைய சாட்சியம் வேறு மேசைக்குப் போனதால் அவளின் குரல் எனக்குத் தெரியாது. அவளேதான் அங்கு வந்தாளோ? தன்னை நிறுத்தியவரின் முன்னால் உட்கார்ந்து, தன்னையே 'அவள்' என்று சொல்லி, தனக்கெதிரான பதிலை அவருக்குப் பாடமாக்கினாளோ? அந்த எண்ணம் வந்ததும் காதுக் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

மேற்பார்வை செய்த வெள்ளைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டேன். கருவியை மாட்டி நின்றபடியே நாடாவைக் கேட்டவர், அந்த மௌனம் வந்தபோது கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்த நேரம் கோர்ட்டு கூடியிருக்கவில்லை," என்றார் கடைசியில். "கோர்ட்டில் சொல்லாதது சொன்னதே இல்லை. அதை எழுதாதே."

"நீதிபதிக்கு இது தெரியவேண்டாமா?"

"நாடாவைத் தா," என்றார். கொடுத்தேன். அது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

பின்னேர அமர்வின் நாடாவில், ஏன் நிறுத்தினீர்கள் என்று வழக்கறிஞர் மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தரமும் ஒரே பதில், ஓரெழுத்தும் மாறாமல். மூன்றையும் அப்படியே தட்டினேன்.

அன்று ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டில் கணவருக்குச் சொன்னேன்.

"உம்மை எழுதச் சொன்னதை எழுதினீர்தானே?" என்றார். "பிறகென்ன?"

"அவள் கேட்டது காதை விட்டுப் போகுதில்லையப்பா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றி வந்தார். நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுத இரண்டு தரம் உட்கார்ந்தேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் எழுதவில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

தீர்ப்பு நாளன்று அனுமதி கேட்டு மேலே போனேன். மேலாளரைப் பெரிய உருவமாக எண்ணியிருந்தேன். வகிடு நேராக எடுத்த சின்ன மனிதர். முன்வரிசையில் வேலை இழந்தவள் இருந்தாள். பக்கத்திலிருந்த சங்கக்காரரிடம் ஏதோ கேட்டாள். கனத்த, கரகரத்த குரல். கிரேக்க நாட்டுச் சாயல் இருந்தது. நான் கேட்டது அந்தக் குரலே அல்ல. அப்படியென்றால் நாடாவில் பேசியது யார்?

நீதிபதி ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். சாட்சி பொய் சொன்னார் என்று தான் சொல்லவில்லை என்றார். ஆனால் எப்படிக் கேட்டாலும் ஒரே சொற்கள்தான் வந்தன, அந்தச் சொற்களின் பின்னால் என்ன இருந்தது என்று தனக்குக் காட்டப்படவில்லை. காட்டவேண்டியது நிறுவனத்தின் கடமை. ஆகவே சந்தேகம் அவர்களுக்கு எதிராகவே போகும் என்றார். நிறுவனம் குற்றவாளி. அவளை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும். அவள் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "திங்கட்கிழமை ஏழு மணிக்கு," என்று மட்டும் சங்கக்காரரிடம் சொன்னாள்.

நான் கீழே போக லிஃப்டுக்கு நின்றேன். மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். அவரோடு நீலக் கோட்டணிந்த ஒரு பெண். கையில் அவருடைய தொப்பியை வைத்திருந்தாள். மனைவி என்று பார்த்ததும் தெரிந்தது. கதவு திறந்தது.

"நீங்கள் போங்கோ," என்று தொப்பியை அவரிடம் கொடுத்தாள். "நான் படியால வாறன்."

அந்தக் குரல்தான்.

அவள் திரும்பிப் பார்க்காமல் படிகளை நோக்கி நடந்தாள். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். நானும் அவரும் மட்டும் இறங்கினோம்.

"நீ இங்கேயா வேலை?" என்று கேட்டார்.

"ஓம்."

"என்ன வேலை?"

"இங்கே பேசுறதைத் தட்டச்சு செய்யிறனான்."

 அவர் என் தளம் வரும்வரை என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் ஓரமாக ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்.